கண்டி வீதியின் மற்ற முனை

வன்னியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கண்டி வீதியைத் தெரியும், கண்டியைத் தெரியாது. ஏ-9 பாதை என்று வெளியார் சொல்வதை நாங்கள் இன்றும் கண்டி வீதி என்றுதான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் இந்தப் பாதை 320 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் கொண்டது. போர்க்காலத்தில் நீண்ட காலம் மூடப்பட்டு, 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இன் பின் மறுபடியும் திறந்தது. சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் நடந்தும் நம்மில் எத்தனை பேர் இந்த வீதியால் இடம்பெயர்ந்திருக்கிறோம்! ஆனால் அது போய் முடியும் ஊரை ஒரு தடவையேனும் பார்த்தவர்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்?

என் அம்மாவும் பார்த்ததில்லை. அவருக்கு அறுபத்து மூன்று வயது. எங்கள் ஊர் முள்ளியவளை. 2025 யூலை நடுப்பகுதியில் அம்மாவையும் அக்காவையும் அக்காவின் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு சமூகவியல் படித்த இரு தோழிகளுடன் கண்டிக்குப் போய், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு சிறு விடுதியில் மூன்று நாட்கள் தங்கி வந்தேன். அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் வாசக சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன்.

அம்மாவைக் கிளப்பியது எப்படி?

பயணத்தில் கடினமான பகுதி வீட்டுப் படலையைத் தாண்டுவதுதான். கேட்டவுடனே அம்மா மறுத்துவிட்டார்.

"அவன்ரை செய்தி ஒண்டும் வராமல் நான் எங்கை பிள்ளை உல்லாசம் போறது?"

அவன் என்றது என் அண்ணாவை. 2009 மே மாதம் நந்திக்கடல் ஓரமாக நாங்கள் வட்டுவாகல் பக்கம் வந்தபோது சனத்துக்குள் அவரைத் தவறவிட்டோம். எனக்கு அப்போது பதினேழு வயது. அதன்பின் செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம், விசாரணைகள், ஆணைக்குழுக்கள், படிவங்கள் என்று வருடங்கள் போயின. 2017 மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

இந்தப் பதினாறு வருடங்களில் அம்மா பகலில் படுத்து நான் கண்டதில்லை. விடியற்காலையில் எழுந்தால் கோழி, தோட்டம், சமையல், சங்கக் கூட்டம், பந்தல் என்று இரவு வரை கால் ஓயாது. காய்ச்சல் வந்தாலும் கதவு நிலையில் சாய்ந்திருப்பாரே தவிரப் பாயை விரிக்கமாட்டார். தேடுகிறவள் படுத்தால் தேடல் நின்றுவிடும் என்று அவர் எங்கோ மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறார். சமூகப் பணியாளராக நான் வீடு வீடாகப் போகும்போது இதே எழுத்தைப் பல தாய்மாரின் முகங்களில் கண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு ஓய்வைப் பற்றி விளக்கும் எனக்கு என் வீட்டில் அதைச் சொல்ல வழி தெரியவில்லை.

கடைசியில் ஒரு சிறு தந்திரம் செய்தேன். "அம்மா, கண்டியிலை கண்ணகி அம்மனுக்குக் கோயில் இருக்கு" என்றேன். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலைத் தவறவிடாத அம்மா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நாள் அரிசி மாவை வறுக்கத் தொடங்கிவிட்டார்.

வீதி வழியே

மாங்குளத்தில் கண்டி வீதியில் ஏறினோம். கிளிநொச்சியிலிருந்து வந்த தோழி வானுடன் எங்களுக்காகக் காத்து நின்றாள். அவளுடைய அப்பப்பா மலையகத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். 1977 வன்செயலின் பின் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். "எங்கடை ஆக்கள் இந்த ரோட்டாலைதான் கீழை வந்தவையாம். நான் திரும்ப மேலை போறன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஓமந்தை வந்ததும் அம்மா தன்னையறியாமல் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். போர்க்காலத்துச் சோதனைச் சாவடி இப்போது அங்கே இல்லை. வான் நிற்காமல் போனது. சிறிது தூரம் சென்றபின் அக்கா மெதுவாக அந்த அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை. தம்புள்ளைக்குப் பின் வெயில் தணிந்து வீதியோரம் மிளகுக் கொடிகள் தென்படத் தொடங்கின. மாத்தளையில் வீதியோரத்திலேயே இருக்கும் முத்துமாரியம்மன் கோவிலில் இறங்கிக் கும்பிட்டோம். அக்குறணையில் மற்றத் தோழி ஏறிக்கொண்டாள். அவள் ஆசிரியை. வரும்போதே ஒரு பெரிய பாத்திரத்தில் வட்டிலப்பம். "அன்ரி, இது உங்களுக்கெண்டே உம்மா செஞ்சது" என்று அம்மாவின் மடியில் வைத்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்ததும் கண்டி வந்துவிட்டது.

பத்தினி அம்மன் முன்னால்

சொன்ன வாக்கைக் காப்பாற்ற முதலில் கோயிலுக்குத்தான் போனோம். தலதா மாளிகைக்கு எதிரே, நாத தேவாலயத்துக்கு அருகில் இருக்கிறது பத்தினி தேவாலயம். சிங்கள மக்கள் பத்தினி தெய்வம் என்று வணங்குவது நமது கண்ணகியைத்தான். கண்ணகி வழிபாட்டோடு இலங்கை மன்னன் கயவாகுவைச் சிலப்பதிகாரமே தொடர்புபடுத்துகிறது. மதுரையை எரித்தபின் இலங்கைக்கு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்பது நம்மூர் ஐதீகம். கண்டிப் பெரஹெராவில் பத்தினி தேவாலயத்தின் அணியில்தான் பெண்கள் ஆடிச் செல்கிறார்கள்.

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு சிங்களப் பெண், பூத்தட்டில் பாதியை அம்மாவின் கையில் தந்தார். பாஷை தெரியாத கோயிலில் அம்மா வற்றாப்பளையில் நிற்பது போலவே நின்றார். "கணவனுக்கு நீதி கேட்டவள் எல்லே, அவளுக்கு எங்கடை பாஷையும் விளங்கும்" என்றார்.

அங்கிருந்து சில அடி நடந்தால் கண்டி வாவி. மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல் நிலத்தை மறித்து இதைக் கட்டத் தொடங்கினான். 1812இல் வேலை முடிந்தது. சிங்களத்தில் 'கிரி முஹுத', அதாவது பாற்கடல். மண் சுமந்தவர்கள் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட குடிமக்கள். மூன்று வருடத்தில், 1815இல், அரசு பிரித்தானியரிடம் போயிற்று. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். ஆசைப்பட்டுக் கட்டிய வாவியைப் பிறகு அவன் பார்க்கவே இல்லை.

வாவியைச் சுற்றி மரநிழலில் நடைபாதை இருக்கிறது. சிறியவள் ஓடி ஓடி மீன் பார்த்தாள். அம்மா மட்டும் வாவியின் பக்கமாக வராமல் வீதியின் மறுபக்கமாக நடந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நந்திக்கடலின் பின் அம்மா விரிந்த நீரைப் பார்ப்பதில்லை. முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் போவதில்லை. அப்படிப்பட்டவரை நான் நீர்க்கரையில் தங்க வைக்கக் கொண்டுபோகிறேனே!

நீர்க்கரையில்

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் குண்டசாலை கடந்து திகனைக்குப் போகவேண்டும். திகனைச் சந்தியில் அக்குறணைத் தோழி பேச்சை நிறுத்தினாள். 2018 மார்ச்சில் இந்தப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டு நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. "அந்தக் கிழமை நாங்க லைட் போடாம இருந்தோம்" என்று மட்டும் சொன்னாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். லைட் போடாமல் இருப்பது எப்படி என்பது அம்மாவுக்குத் தெரியும்.

நாங்கள் தங்கிய இடத்தைக் கபானா என்கிறார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு சிறு குசினி, முன்னால் விறாந்தை. விறாந்தையிலிருந்து புல்தரை சரிந்து இறங்கி நீரில் முடிகிறது. எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். யூலை மாதமானதால் நீர் சற்று இறங்கி, கரையோரம் செம்மண் பட்டி தெரிந்தது. பட்டுப்போன மரமொன்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன.

உள்ளே வந்ததும் அம்மா கேட்ட முதற் கேள்வி: "தும்புத்தடி எங்கை?" கூட்டிய வீட்டைத் திரும்பக் கூட்டினார். கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவினார். உலை வைத்தார். கருவாட்டுக் குழம்பும் சம்பலும் வைத்தார். நாங்கள் எழுந்தால் "நீங்கள் இருங்கோ பிள்ளையள்" என்றார். பின் குசினிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, நீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

ஆர்லி ஹொக்சைல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1989இல் எழுதிய நூலில், வெளியில் உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கும் வேலையை இரண்டாவது முறைவேலை என்று அழைத்தார். பேராதனையில் அதைப் படித்துப் பரீட்சையில் எழுதினேன். நமது பெண்களுக்கு மூன்றாவது முறைவேலையும் உண்டு என்பதை அந்த ஸ்டூலைப் பார்த்தபோது நினைத்தேன். அது தேடுவதும் காத்திருப்பதும். அதற்கு மணிக்கணக்கு இல்லை, லீவும் இல்லை.

அன்றிரவு நாங்கள் விறாந்தையில் பாய் விரித்து நெடுநேரம் கதைத்தோம். விடுதி நாட்கள், கலியாணமாகாத கதை, கலியாணமான கதை, கடன் கதை எல்லாம் வந்தன. அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டுப் பல வருடம். அம்மா உள்ளே விழித்துக்கொண்டிருந்தார்.

"அப்பே கெதர"

மறுநாள் காலை, விடுதியைப் பராமரிக்கும் சிங்கள அம்மையார் இலைக்கஞ்சி கொண்டுவந்தார். கொலகெந்த என்பார்கள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். அம்மா குசினியில் தனியே இருப்பதைக் கண்டு அங்கேயே போய் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. தேங்காய் துருவுவதற்குப் பாஷை தேவைப்படவில்லை.

சிறிது நேரத்தில் அந்த அம்மையார் எழுந்து, யன்னலால் நீரின் நடுப்பக்கமாகக் கையை நீட்டி, "அப்பே கெதர" என்றார். எங்கள் வீடு என்று அர்த்தம். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அம்மா கையால் தடுத்தார். கெதர என்ற சொல் அவருக்குத் தெரியும். முகாமிலும் சாவடிகளிலும் எத்தனை தடவை "கெதர கொஹேத?" என்று கேட்டிருப்பார்கள். வீடு எங்கே என்ற கேள்வியாகவே அதுவரை அவர் கேட்ட சொல் அது.

பிறகு நான் இடையில் இருந்து விளங்கப்படுத்தினேன். மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்ட விக்டோரியா அணை, பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தச்சரும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கலந்துகொண்ட வைபவத்தில் 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அதன் மின் நிலையத்தின் வலு 210 மெகாவாற். நம் வீட்டு மின்குமிழிலும் அதன் பங்கு இருக்கலாம். அதற்காகப் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றுக் கிராமங்களும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்பின. பலர் மகியங்கனைக்கு அப்பால் மகாவலிக் காணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள்; சிலர் மேலே குன்றுகளில் புதிய வீடு கட்டினார்கள். அந்த அம்மையாருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டின் பின்னால் நின்ற பலாவை வெட்டிவிட்டுப் போகச் சொன்னார்களாம். தகப்பன் வெட்டவில்லையாம். கடும் வரட்சி வந்தால் நீர் வற்றிப் பழைய ஊரின் சுவர்கள் வெளியே வரும். அப்போது அவருடைய தாய் இறக்கும் வரை போய், தன் வாசற்படி இருந்த இடத்தில் நின்றுவிட்டு வருவாராம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "அவையளுக்குச் சொல்லிப்போட்டுத் தண்ணி விட்டிருக்கினம். எங்களுக்கு ஆர் சொன்னது?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சிறிது பொறுத்து அம்மாவே, "எண்டாலும் வீடு வீடுதானே. இதைச் சொல்லு" என்றார். சொன்னேன். அந்த அம்மையார் அம்மாவின் தோளில் கை வைத்தார். இரண்டு இழப்பும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா ஸ்டூலைத் திருப்பிப் போட்டார்.

அன்று பின்னேரம் நாங்கள் கரையில் சிறியவளுக்குக் கல்லெறியப் பழக்கிவிட்டு வந்தபோது, விறாந்தைப் பாயில் அம்மா படுத்திருந்தார். நித்திரை. தலைமாட்டில் அண்ணாவின் படம் இருந்த கைப்பை. வாய் சற்றே திறந்திருந்தது. மூன்று மணி வெயிலில், கூட்டாத முற்றத்தோடு, அவித்து முடியாத பயற்றோடு அம்மா நித்திரை கொண்டார். அக்கா போய் அடுப்பை நிறுத்தினார். "சத்தம் போடாதை" என்று சிறியவளிடம் சொல்லிவிட்டு, நாங்கள் ஐந்து பேரும் புல்லில் உட்கார்ந்து காவல் காத்தோம். இரண்டு மணி நேரம். எழும்பியதும் அவசரமாகப் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு தனியே நீர் வரைக்கும் நடந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் மாத்தளை தாண்டியபின் சொன்னார்: "நித்திரையிலை அவன் வரேல்லை பிள்ளை. முழிச்சாப் பிறகும் நான் அவனை மறக்கேல்லை." அவர் இத்தனை வருடம் எதற்குப் பயந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த கிழமை அம்மா வழக்கம்போலப் பந்தலுக்குப் போனார்.

சகோதரிகளே!

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தில் 24ஆம் உறுப்புரை ஓய்வை ஒவ்வொருவருக்கும் உரிய உரிமையாகச் சொல்கிறது. காணி உரிமை, வாழ்வாதாரம், உண்மையை அறியும் உரிமை ஆகியவற்றைக் கேட்கும் நாம் இதையும் நமது பட்டியலில் சேர்க்கவேண்டும். ஓய்வெடுப்பவள் எவரையும் கைவிடுவதில்லை. நீண்ட தூரம் நடக்கவேண்டியவள் மரநிழலில் சற்று இருந்துதான் ஆகவேண்டும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

தனியே போகாதீர்கள், ஐந்தாறு பேராகப் போங்கள். வாகனம், தங்குமிடம், சமையல் எல்லாம் பங்கிடும்போது செலவு குறையும். சமைக்க இடம் தரும் விடுதியாகப் பார்த்து, அரிசி, சரக்குத்தூளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பெண்கள் மட்டும் வருகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, கதவுப் பூட்டு, மலசலகூடம், இரவில் யார் இருப்பார்கள் என்பவற்றை விசாரியுங்கள்.

இதற்காக நுண்கடன் எடுக்கவேண்டாம். ஓய்வெடுத்து வந்தபின் கிழமைக்குக் கிழமை கடன்காரர் படலையில் நின்றால் அது ஓய்வாகாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மாதம் ஒரு சிறு தொகையாகச் சேர்த்து வருடத்தில் ஒரு தடவை போகலாம்.

பெரஹெரா நாட்களில் கண்டியில் சனமும் வாடகையும் கூடும். மழைக்காலத்தில் மலைப்பாதைகள் ஆபத்தானவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. ஆகவே புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கேட்டறியுங்கள். நீர்த்தேக்கத்தின் கரை திடீரென ஆழமாகும்; பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

கண்டி தூரமென்றால் முத்தையன்கட்டுக் குளமும் இரணைமடுவும் நமக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. ஒரு பாய், ஒரு கட்டுச்சோறு, நம்பிக்கையான நாலு பேர் போதும். நீரைப் பார்க்க மனம் வராத ஒருத்தி உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவளை வற்புறுத்தாதீர்கள். முதுகு காட்டி இருக்கட்டும். ஸ்டூலை அவளே திருப்பிப் போடும்வரை பக்கத்தில் இருந்து தேங்காய் துருவுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் விறாந்தையில் ஒரு பாய் விரித்திருக்கும். அம்மா எல்லா ஞாயிறும் படுப்பதில்லை. ஆனால் பாயைச் சுருட்டி வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.